நாற்பத்தொரு வகுப்பு

ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. வகுப்பு எண் 41. என் நோட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மாலை 5.40 முதல் 7.05 வரை. ஏழாம் எண் லேப்டாப். தமிழ் நிமிடத்துக்கு 19 சொல், தப்பு 6. வகுப்பு முடிந்ததும் பதினைந்து லேப்டாப்பையும் வேனில் ஏற்றினார்கள். விழுப்புரத்தில் சுதந்திர தினக் கண்காட்சியாம். திங்கட்கிழமை திரும்பி வரும் என்று ஜெசிந்தா சொன்னாள்."

வரவில்லை. அந்தத் திங்களும் வரவில்லை, அதற்கடுத்த திங்களும் வரவில்லை.

எங்கள் ஊர் காணையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. விழுப்புரம் கல்லூரியில் நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, காலை ஷிப்ட். கல்லூரியில் கணினி அறை உண்டு, ஆனால் கணினி அறிவியல் மாணவர்களுக்கு மட்டும். வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு கரும்புக் கொல்லைக்குப் போய்விடும். ஜூன் மாதம் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து, மகளிர் குழுக் கட்டடத்தில் கிராமப்புற மாணவர்களுக்கு இலவச மாலை வகுப்பு என்று பேனர் கட்டியபோது முதலில் பெயர் கொடுத்தவள் நான். ஆறு மாதப் படிப்பு, டிசம்பர் 21-ம் தேதி விழுப்புரத்தில் பரீட்சை. முக்கால் பங்கு வருகை இருந்தால்தான் ஹால் டிக்கெட்.

அந்தச் சான்றிதழுக்காக ஒருவர் காத்திருந்தார். காணையில் இ-சேவை மையம் வைத்திருக்கும் விருத்தாசலம்.

"ஒத்த வெரல்ல கோழி கொத்தற மாதிரி அடிக்கிறவங்க என்கிட்ட நெறைய பேர் வந்துக்கினு இருக்காங்க, பாப்பா. அவங்க எனக்கு வேணாம். பரீட்ச எழுதி சர்ட்டிபிகேட் எடுத்துக்கினு வா. ஜனவரியிலேந்து சாயந்திர சீட்டு உன்னுது," என்று சொல்லியிருந்தார்.

அந்த வேலை கிடைத்தால் மூன்றாம் ஆண்டு படிக்கலாம். கிடைக்காவிட்டால் படிப்பு இந்த ஆண்டோடு நிற்கும். அப்பா அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கரும்புக்கு மருந்தடிக்க வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மையத்துக்கு ஒருங்கிணைப்பாளராக அறக்கட்டளை நியமித்தது ஜெசிந்தாவை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை நானும் அவளும் ஒரே பெஞ்ச். அவள் ஆறு மாத டிப்ளமோ படிக்கப் போனாள், நான் கல்லூரிக்கு வந்தேன். முதல் நாள் அவள் வாசலில் சாவிக்கொத்தோடு நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

எனக்குக் கிடைத்தது ஏழாம் எண். அதில் 'ஜே' விசையின் மேலிருக்கும் சின்ன மேடு தேய்ந்து போயிருந்தது. பார்க்காமல் அடிப்பவர்களுக்கு 'எஃப்'பிலும் 'ஜே'விலும் இருக்கும் அந்த மேடுதான் வழிகாட்டி. என் வலது ஆள்காட்டி விரல் ஒவ்வொரு முறையும் வழி தவறி 'கே'யில் போய் உட்காரும். தப்பு என் விரலில்தான் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாதான் தடவிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து அரக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் எடுத்து அந்த விசையில் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று.

"இப்ப கண்ண மூடிக்கினு அடி. பொட்டு வெச்சாச்சு, இனிமே இது உன் வூட்டு மருமவ," என்றாள்.

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு என் வேகம் 11 சொல். அதற்குப் பிறகு ஒருநாள்கூட இறங்கவில்லை.

லேப்டாப் போன பிறகு, சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றாள் ஜெசிந்தா. செப்டம்பரில், உதிரிப் பாகம் சென்னையிலிருந்து வரவேண்டும் என்றாள். நாங்கள் பதினெட்டுப் பேர். முதல் சில நாள் எல்லோரும் வந்தோம். நான் ஒரு சார்ட் தாளில் விசைப்பலகையை அளவு பார்த்து வரைந்து, 'எஃப்'பிலும் 'ஜே'விலும் ஒவ்வொரு கேப்பை மணி ஒட்டிக்கொண்டேன். விரலுக்குச் சரியாகத் தட்டுப்பட்டது.

"எலி வந்து உன் எஃப்பையும் ஜேவையும் தின்னுடப் போவுதுடி கலை," என்றான் தமிழ்மணி. இருந்தாலும் மறுநாள் அவனும் ஒரு சார்ட்டோடு வந்தான். பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை வந்தது. கூட்டம் எட்டாகி, நான்காகி, அக்டோபரில் சில நாள் நானும் ஜெசிந்தாவும் மட்டும்தான் இருந்தோம்.

அவள் வருகைப் பதிவேட்டை முதல் வாரமே என்னிடம் கொடுத்திருந்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். நான் கோடு போட்டு, பெயர்களை வரிசைப்படுத்தி, நீல மையில் எழுதுவேன். ஒருநாள் கேட்டேன்:

"ஆளே வராத நாளுக்கு இன்னாடி போடறது?"

"எல்லாருக்கும் பிரசன்ட் போடு."

"வகுப்பே நடக்கலயே."

"நடக்கலன்னு போட்டா மையத்தயே மூடிடுவாங்க. மூடினா ஹால் டிக்கெட் எங்கேந்துடி வரும்? லேப்டாப்பு வரட்டும். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம சேத்து எடுத்து நேர் பண்ணிடலாம். என்ன நம்ப மாட்டியா?"

நம்பினேன். பதினெட்டுப் பேருக்கும் போட்டேன். செப்டம்பரில் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளுக்கு மட்டும், எழுந்து வந்த பிறகு, என் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். நடக்காத வகுப்புக்கு நான் வரவில்லை என்று அவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன். வீட்டு நோட்டில் மட்டும் எண் 41-ஐத் தாண்டவில்லை. "இன்று வகுப்பு இல்லை" என்று தேதிவாரியாக எழுதிக்கொண்டே போனேன். இரண்டு நோட்டும் வேறு வேறு சொல்வது உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் தொடங்கியதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நவம்பர் 20 காலை ஜெசிந்தா ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஜல்தி கெளம்புடி. திண்டிவனம் பக்கத்துல புது மையம் தொறக்கறாங்க. நல்லாப் படிக்கிற ஸ்டூடண்ட்டு ஒருத்தி வந்து பேசணும்னு சேரன் சார் சொல்லிட்டாரு. நீதான்."

"நானா? மேடைல எனக்கு நாக்கு ஒட்டிக்கும்டி."

"எழுதி வெச்சிருக்கேன், வாசிச்சா போதும். ஹால் டிக்கெட்டு லிஸ்டும் சார்கிட்ட இன்னிக்குத்தான் குடுக்கறேன். நீ வந்தா நல்லதாப் போவும்."

விழுப்புரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு பஸ் ஏறினோம். எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தாள். திண்டிவனத்தில் இறங்கி டீ வாங்கித் தந்தாள். பஸ்ஸில் அந்தத் தாளை நான்கு முறை வாசித்து மனப்பாடம் செய்தேன். அதில் ஒரு வரி: "எங்கள் மையத்தில் பதினைந்து மடிக்கணினிகள் உள்ளன. நாங்கள் தினமும் பயிற்சி செய்கிறோம்."

"தெனமும்னு இருக்குதே."

"வரப் போவுதுல்ல. கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்ளோதான்."

புது மையம் ஒரு பள்ளியின் பழைய வகுப்பறை. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. நீலத்துணி விரித்த மேசைகளில் பதினைந்து லேப்டாப். ஒவ்வொன்றிலும் பளபளப்பாக எண் ஒட்டியிருந்தது. சேரன் என்பவர் அறக்கட்டளையின் திட்ட மேலாளர். பேசும்போதே ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர். விருந்தினர்கள் உட்கார்ந்ததும், "காணை மையத்து மாணவி. ரெண்டு வரி அடிச்சுக் காட்டும்மா," என்றார்.

"மூணாவதுல உக்காருடி," என்று ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்தாள்.

"மூணு வேணாம். புரொஜெக்டர் பன்னெண்டுலதான் மாட்டியிருக்கு," என்றார் சேரன்.

பன்னிரண்டின் முன் உட்கார்ந்தேன். கையை வைத்தேன். இடது விரலுக்கு மேடு கிடைத்தது. வலது விரலுக்குக் கிடைக்கவில்லை. வழுக்கிக்கொண்டு 'கே'யில் போய் நின்றது.

முதலில், பதற்றம் என்று நினைத்தேன். தேய்ந்த விசை உலகத்தில் ஒன்றுதானா இருக்கும் என்றும் நினைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். 'ஜே'யின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்டிய கீறல். விசையின் ஓரத்தில், கூர்மையானது எதுவும் நுழைய முடியாத இடுக்கில், நூல்போல அரக்குச் சிவப்பு.

அப்போதும் எனக்கு உறுதி வரவில்லை. எழுதும் செயலியைத் திறந்தேன். கடைசியாகத் திறந்த கோப்புகளின் பெயர்களை அது இடது பக்கம் காட்டும். நான் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கோப்பு வைப்பேன், என் பெயரும் வகுப்பு எண்ணும் போட்டு. கோப்புகளை யாரோ அழித்திருந்தார்கள். பெயர்களை அழிக்க மறந்துவிட்டார்கள். புதுச் சுண்ணாம்புச் சுவரில், ஆள் உயரத்துக்கு, யார் யாரோ பெயர்களுக்குக் கீழே, வரிசையாக நின்றன: கலை 41. கலை 40. கலை 39. கலை 38.

விருந்தினர்கள் கைதட்டக் காத்திருந்தார்கள். அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வரி அடித்தேன். கைதட்டினார்கள். பிறகு மைக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் நான் வேறு மாதிரி நடந்துகொண்டதாக எழுத ஆசையாக இருக்கிறது. நான் அந்தத் தாளை முழுவதும் வாசித்தேன். அதே பதினைந்து லேப்டாப்பின் முன் நின்று, "எங்கள் மையத்தில் பதினைந்து மடிக்கணினிகள் உள்ளன" என்று, ஒரு சொல்கூடத் தடுக்காமல் வாசித்தேன்.

கேசரி கொடுக்கும் நேரத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புச் சீருடை. பெயர் ப்ரியங்கா. சற்றுத் தள்ளி வெள்ளைச் சட்டையில் நின்ற அவளுடைய அப்பா பார்சுவநாதன், செஞ்சி சாலையில் மல்லாட்டை வியாபாரம் செய்பவராம்.

"அக்கா, ஆறு மணிக்குள்ள வுட்ருவாங்களா? நாங்க ஜைனருங்க. இருட்டறதுக்குள்ள எங்க வீட்ல சாப்ட்டு முடிச்சிடணும். அதான் அப்பா யோசிக்கிறாரு."

"கேட்டா வுட்ருவாங்க."

"தெனம் நடக்குமா? தெனம் நடந்தாதான் டியூஷன நிறுத்திட்டு இதுல சேப்பேன்னு சொல்றாரு. உங்க ஊர்ல எத்தினி நாள் நடந்துச்சுக்கா?"

ஜெசிந்தா ஐந்தடி தள்ளி நின்று கேசரியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். என் ஹால் டிக்கெட் பட்டியல் அவள் பையில் இருந்தது. நாற்பத்தொன்று என்ற எண் என் வாய்வரை வந்தது.

"டியூஷன நிறுத்தாத," என்றேன் மெதுவாக. "ஒரு நோட்டுப் போட்டுக்கோ. நடக்கற நாள மட்டும் தேதியோட எழுதிக்கினு வா. தெனம் எழுது."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் காட்டி, "உங்க நம்பர் எழுதுங்கக்கா," என்றாள். அப்பாவின் எண்ணை எழுதினேன்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஜெசிந்தாதான் முதலில் பேசினாள்.

"மூஞ்ச இப்பிடித் தூக்கி வெச்சிக்காதடி. கேக்கறத கேட்டுடு."

"சர்வீசுக்குப் போச்சுன்னு சொன்ன."

"மூணு ஊர்ல மையம் நடக்குதுன்னு மேல காட்டணும். லேப்டாப்பு மொத்தமே அந்தப் பதினஞ்சுதான். சுத்திக்கினே இருக்கும்."

"உனக்கு எப்பலேந்து தெரியும்? ஆகஸ்டுலேந்தா?"

அவள் விழுப்புரம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"சேரும்போதே சொன்னாங்க. ஜூன்லயே."

"அப்ப பொட்டு ஏண்டி வெச்ச?"

"நீ தடவித் தடவித் தேடிக்கினு இருந்த. பாவமா இருந்துச்சு."

"சொரண்டனது யாரு?"

"நான்தான். பிளேடால." பிறகு குரல் மாறியது. "எனக்கு மட்டும் புடிச்சா பண்றேன்? டிப்ளமோ படிச்சிட்டு ஆறு மாசம் சொம்மா உக்காந்திருந்தேன், உனக்குத் தெரியும். ஹால் டிக்கெட்டு உனக்கு வந்துடும், போய் எழுதிட்டுப் போவியா, அத்த வுட்டுட்டு."

"யாராவது வந்து கேட்டா?"

"கேக்கட்டும். ரிஜிஸ்டர்ல இருக்கறது யார் எழுத்து? என் எழுத்து ஒரு பக்கத்துல காட்டு பாக்கலாம்."

ஜூன் 16 முதல் ஒவ்வொரு பக்கமாக மனத்தில் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஒரு பக்கத்திலும் அவள் எழுத்து இல்லை. ஐந்து மாதமாக அதை என் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பஸ்ஸில் அவளே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விழுப்புரத்தில் இறங்கினோம். ஸ்கூட்டியில் ஏறச் சொன்னாள். நான் டவுன் பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 3-ம் தேதி ஹால் டிக்கெட்டைத் தமிழ்மணியிடம் கொடுத்தனுப்பினாள். என் புகைப்படம், பெயர், பரீட்சை மையம், நேரம் காலை பத்து. கீழே: "நடைபெற்ற வகுப்புகள் 112. வருகை 109." மூன்று நாள் காய்ச்சல்கூட விட்டுப்போகவில்லை. அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். பரீட்சையை எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். 19 சொல் அடித்தவள் நான், அது பொய்யில்லையே என்று நோட்டில் எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

டிசம்பர் 11, வியாழக்கிழமை மாலை. அப்பாவின் போன்.

"அக்கா, ப்ரியங்கா பேசறேன். நேத்து வேன்ல ஏத்திக்கினு போய்ட்டாங்க. சர்வீசாம்."

"எத்தினி நாள் எழுதி வெச்சிருக்க?"

"பதினாலு." மூச்சுவாங்கினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல? தெரிஞ்சும் மேடைல அப்படிப் பேசுனீங்க இல்ல?"

நான் ஜெசிந்தாவிடம் கேட்ட கேள்வி அது. இவள் இன்னும் மரியாதையாகக் கேட்கிறாள்.

போனை அவளுடைய அப்பா வாங்கினார். "அம்மா, திங்கக்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். எங்க புள்ளயோட நோட்டு ஒண்ண மட்டும் காட்டினா, ஏதோ ரெண்டு நாள் வகுப்பு இல்லன்னு சொல்லிடுவாங்க. ஒங்க ஊரும் சேந்தா கேப்பாங்க. ஒங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்."

அவர் அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால், முடியாது என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

தமிழ்மணியிடம் போய்ச் சொன்னேன். "பைத்தியமா உனக்கு? பத்து நாள் பொறு. பரீட்ச முடியட்டும், அப்பறம் குடு," என்றான். அதையும் யோசித்தேன். சான்றிதழை வாங்கிவிட்டு, அதே சான்றிதழில் இருக்கும் 109 பொய் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதற்குள் வேன் இன்னொரு ஊருக்குப் போய்விடும். "எங்க பேர மட்டும் இழுக்காத," என்றான். நோட்டில் மற்றவர்கள் பெயர் வரும் வரிகளின் மேல் வெள்ளைத்தாள் வைத்து நகல் எடுத்தேன்.

டிசம்பர் 15, திங்கட்கிழமை. கல்லூரி முடிந்து கலெக்டர் அலுவலகம் போனேன். ப்ரியங்கா தன் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என்னோடு பேசவில்லை. முறை வந்ததும் பார்சுவநாதன் மனுவை நீட்டினார். அதோடு பதினான்கு தேதிகள், என் நாற்பத்தொரு தேதிகள், என் ஹால் டிக்கெட்டின் நகல். உள்ளே இருந்த அலுவலர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல நூத்திப் பன்னெண்டு வகுப்புன்னு இருக்கு. உங்க நோட்டுல நாப்பத்தொண்ணு. அப்ப அந்த ரிஜிஸ்டர யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்," என்றேன். "எல்லாப் பக்கமும் என் எழுத்து."

விசாரிப்பதாகச் சொல்லி ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். வெளியே வந்ததும் ப்ரியங்கா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினாள்.

18-ம் தேதி அறக்கட்டளையிலிருந்து அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பதிவேட்டில் பொய்யான தகவல் எழுதிய காரணத்தால் கலைப்பிரியாவின் ஹால் டிக்கெட் ரத்து செய்யப்படுகிறது. என்னுடையது மட்டும். விருத்தாசலத்திடம் போய்ச் சொன்னேன். "அடப் பாவமே," என்றார். "எனக்கு சர்ட்டிபிகேட் இல்லாம ஆவாதும்மா, மேல கேப்பாங்க," என்றும் சொன்னார்.

டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குப் பதினேழு பேரையும் பரீட்சைக்கு அழைத்துப்போக வேன் வந்தது. ஆகஸ்ட் 14 அன்று வந்த அதே வேன். ஜெசிந்தா முன் சீட்டில் பட்டியலோடு இருந்தாள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலை குனிந்து பட்டியலைப் பார்த்தாள்.

பத்து மணிக்கு சார்ட் தாளை விரித்தேன். 'எஃப்'பில் இருந்த கேப்பை மணி விழுந்துவிட்டிருந்தது, 'ஜே'யில் இருந்தது. பத்து நிமிடம் அடித்தேன். எத்தனை சொல், எத்தனை தப்பு என்று நோட்டில் எழுத முடியவில்லை. காகிதத்தில் அடித்தால் அது தெரியாது. தேதியை மட்டும் எழுதினேன். கீழே, வகுப்பு இல்லை என்று எழுதினேன்.